நம் தெருவுக்குப் பெரிய சிலையோ சுவரோவியமோ வருகிறதா? பேசப் போகும் முன் செய்ய வேண்டியவை

போன வருஷம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் என் வீட்டு வாசலுக்கு இரண்டு மனுக்கள் வந்தன. எங்கள் குடியிருப்பின் பக்கச் சுவரில் நான்கு மாடி உயரத்துக்கு ஒரு முகம் வரையப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்த நேரம். காலையில் வந்தவர்கள், "நம்ம ஏரியாவுக்கே பெருமை மாஸ்டர், ஆதரிச்சுக் கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். சாயங்காலம் வந்தவர்கள், "தண்ணி லாரி ஒழுங்கா வரல, இப்போ இது தேவையா? எதிர்த்துப் போடுங்க" என்றார்கள். இரண்டு தரப்பிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: "அந்தச் சுவரை நின்னு பார்த்தீங்களா?" எல்லோரும் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். நின்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

நான் பேனர் வரைந்து வளர்ந்தவன். பதினாறு வயதில் அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், சினிமா பேனர் கம்பெனியில் பிரஷ் கழுவச் சேர்ந்தேன். கட்டம் போட்டு முகத்தைப் பெரிதாக்குவது, நாற்பது அடி கட்-அவுட்டுக்குச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டுவது, கீழிருந்து பார்ப்பவனுக்குச் சரியாகத் தெரிய வேண்டுமானால் தலையை எவ்வளவு பெரிதாக வைக்க வேண்டும் என்பது, எல்லாம் அங்கே கற்றது. ஃப்ளெக்ஸ் வந்து தொழில் போன பிறகு பள்ளியில் ட்ராயிங் மாஸ்டர் ஆனேன். பெரிய படம் என்றால் எனக்கு உயிர். அதனால்தான் இந்த ஊரில் பெரிய சிலையோ ஓவியமோ வரும்போது நடக்கிற பேச்சு என்னை வருத்துகிறது. ஆதரவும் எதிர்ப்பும் இருக்கட்டும், வேண்டும். ஆனால் பேசத் தெரிந்து பேச வேண்டும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சண்டை எதைப் பற்றி என்று முதலில் பிரியுங்கள்

யாருக்குச் சிலை, எங்கே வைக்கிறார்கள், வேலை எப்படி இருக்கிறது. இவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். நம் ஊரில் முதல் கேள்வி மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது.

அண்ணா சாலையில் ஸ்பென்சருக்கு எதிரே ஒரு காலத்தில் கர்னல் நீல் சிலை நின்றது. 1857 எழுச்சியை அடக்கப் போய்க் கொடுமை செய்த ராணுவ அதிகாரி. 1927-ல் அந்தச் சிலையை அகற்றச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது, தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். பத்து வருஷம் கழித்து, 1937-ல், ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அது முழுக்க முழுக்க 'யாருக்கு' என்ற சண்டை. அங்கே நிழல் விழுகிறதா, வார்ப்பு நன்றாக இருக்கிறதா என்று யாரும் பேசத் தேவையில்லை. பேசியிருந்தால்தான் தவறு.

சிவாஜி சிலை வேறு வகை. 2006-ல் காமராஜர் சாலையும் ராதாகிருஷ்ணன் சாலையும் சந்திக்கிற இடத்தில் வைத்தார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2017 ஆகஸ்டில் அடையாறு மணிமண்டபத்துக்கு மாற்றினார்கள். சிவாஜி சிலைக்கு உரியவரா என்பது அந்த வழக்கின் கேள்வி இல்லை. வண்டி திரும்பும்போது எதிரே வருவது தெரிகிறதா என்பதுதான் கேள்வி. அதனால்தான் அந்த வழக்கு ஒரு முடிவுக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

கண்ணகி விஷயத்தில் இரண்டும் கலந்துவிட்டன. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த சிலை. 2001 டிசம்பரில் அகற்றினார்கள். லாரி மோதிப் பீடம் பழுதானது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொன்ன காரணம் 'எங்கே'. ஊர் கொதித்தது 'யாரை' என்பதற்காக. அந்த வாரம் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது அந்த இடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்து, பஸ்ஸில் யாரும் பேசவில்லை. 2006 ஜூனில் ஆட்சி மாறியதும் சிலை திரும்பி வந்தது. சொன்ன காரணமும் உள்ளே இருந்த காரணமும் வேறாக இருந்தால் பேச்சு எந்தப் பக்கமும் நகராது.

நீங்கள் மனு எழுத உட்காரும்போது தாளின் மேலே முதலில் இதை எழுதுங்கள்: என் ஆட்சேபம், அல்லது என் ஆதரவு, இந்த மூன்றில் எதைப் பற்றியது? மூன்றைப் பற்றியும் இருக்கலாம். அப்போது மூன்று பத்தியாக எழுதுங்கள். தலைவரைப் பிடிக்காததால் "போக்குவரத்துக்கு இடைஞ்சல்" என்று எழுதாதீர்கள். தலைவரைப் பிடித்ததால் இடைஞ்சலை மறைக்காதீர்கள். அதிகாரிகள் இதைத் தினமும் பார்க்கிறவர்கள், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இடத்தில் போய் நில்லுங்கள்

இதற்கு ஒரு நாள் ஒதுக்க வேண்டும். காலை ஏழு மணி, மத்தியானம் ஒரு மணி, சாயங்காலம் ஐந்தரை, மூன்று முறை போங்கள். கையில் நோட்டு, டேப் இருந்தால் நல்லது.

முதலில் உயரம். அறிவிப்பில் அடியோ மீட்டரோ போட்டிருப்பார்கள், அது கண்ணுக்குத் தெரியாத எண். குடியிருப்பில் ஒரு மாடி ஏறக்குறைய பத்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கலைஞர் நினைவாக மெரினாவுக்கு எதிரே கடலில் திட்டமிட்ட பேனாவுக்கு 134 அடி என்றார்கள். எத்தனை பேர் அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள், எத்தனை பேர் அந்த உயரத்தை மனதில் பார்த்தார்கள்? நம் எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. அதில் முக்கால் பங்கு உயரம் கடலுக்குள் நிற்கும் என்று சொன்னால் எந்தச் சென்னைக்காரருக்கும் உடனே பிடிபடும். கன்னியாகுமரி வள்ளுவர், பீடத்தோடு சேர்த்து 133 அடி. இப்படி ஊருக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டு மனுவில் எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்கார்வார்.

அடுத்து, அவர்கள் காட்டுகிற படம். கணினியில் செய்த அந்தப் படம் பெரும்பாலும் ஆகாயத்திலிருந்து பார்த்த மாதிரி இருக்கும். பருந்துக்கு வேண்டுமானால் அது உதவும். நடைபாதையில் நிற்கிற ஒருவரின் கண் உயரம் ஐந்து அடி. "ஐந்து அடி உயரத்திலிருந்து, சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஒரு படம் கொடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு படத்தைக் கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். நாங்கள் கட்-அவுட் வரையும்போது தரையில் கிடத்தி முகத்தை முடித்தால், தூக்கி நிறுத்தியதும் நெற்றி சின்னதாகி, தாடை பெரிதாகித் தெரியும். அதனால் வேண்டுமென்றே நெற்றியைக் கூட்டி வரைவோம். இன்று பல சிலைகளைப் பார்க்கும்போது, கண் மட்டத்தில் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு, இருபது அடி பீடத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. கீழிருந்து பார்த்தால் தாடையும் மூக்குத் துவாரமும்தான்.

வெயில். நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிப் பொழுதில் நிழலே விழாத நாட்கள் உண்டு. டிசம்பரில் நாற்பது அடி உயரமுள்ள பொருளுக்கு நடுப்பகலில் சுமார் முப்பது அடி நிழல் வடக்குப் பக்கம் விழும். அந்த நிழலில் யார் உட்காருவார்கள், யாருடைய துணி காயாமல் போகும் என்று பாருங்கள். பளபளக்கும் உலோகத் தகடு என்றால், பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் வெயிலைத் திருப்பி அடிக்குமா என்றும் கேளுங்கள்.

அப்புறம், அந்த இடத்தை ஏற்கெனவே உபயோகிக்கிறவர்கள். பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டு, பந்து விளையாடும் பையன்கள், மீன் காயவைப்பவர்கள். காகிதத்தில் அது 'காலி இடம்' என்று இருக்கும். நீங்கள் ஒவ்வொருவரிடமும் பேசி, எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் சுவரின் கதையைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு மனுவுக்குப் பிறகு ஒரு கூட்டம் நடந்தது. முகம் யாருடையதாக இருக்க வேண்டும், தலைவரா, நம் ஏரியாப் பெண்ணா, எந்தக் கலர் என்று இரண்டு மணி நேரம் பேசினோம். நானும் பேசினேன். ஓவியர்கள் வந்தார்கள், வேலை தெரிந்த பிள்ளைகள், படம் அருமையாக வந்தது, இன்றும் அப்படித்தான் சொல்வேன். மழைக்காலம் வந்தது. தரைத்தளத்தில் அந்தச் சுவரை ஒட்டி இருக்கிற அக்கா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "மாஸ்டர், செவுரு மூச்சு விடல, வந்து பாருங்க" என்றார். உள்ளே போய்க் கை வைத்தேன். பூச்சு அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் ஈரப் பொடியாக உள்ளே போனது. பக்கத்தில் பிள்ளையின் பள்ளிப் புத்தகங்களை ஸ்டூல் மேல் அடுக்கி, பாலித்தீன் போட்டு மூடியிருந்தார்.

என்ன நடந்தது என்றால், சுவரில் கழிவுநீர்க் குழாயை ஒட்டி ஒரு பழைய விரிசல். வேலையை எடுத்துச் செய்த நிறுவனம் அதை அடைக்காமல், மேலேயே பிரைமரும் இரண்டு கோட் எமல்ஷனும் அடித்துவிட்டது. தண்ணீர் விரிசல் வழியாக உள்ளே வருகிறது. முன்பு வெயில் அடித்தால் வெளிப்பக்கமாகக் காய்ந்துவிடும். இப்போது வெளியே பெயின்ட் தோல் மாதிரி மூடியிருக்கிறது, ஈரம் வீட்டுக்குள்ளேதான் வந்தாக வேண்டும். முகத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிய நாங்கள் சுவரைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசவில்லை. அந்த அக்கா கூட்டத்துக்கு வந்திருந்தார், பின்னால் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஆகவே சுவரோவியம் என்றால் இவற்றைக் கட்டாயம் கேளுங்கள்: விரிசலும் குழாய் இணைப்பும் மொட்டை மாடி ஒழுகலும் முதலில் சரிசெய்யப்படுமா? யார் செலவில்? சுவருக்கு உள்பக்கம் இருக்கும் வீடுகளை யாராவது வந்து பார்த்தார்களா? நிறம் எத்தனை வருஷம் நிற்கும்? கடல் காற்றும் வெயிலும் சேர்ந்தால் சில சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும், மேற்குச் சுவர் என்றால் இன்னும் சீக்கிரம். வெளுத்த பிறகு திரும்பி வருவது யார்?

காகிதம்

திட்டத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பேசாதீர்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் மனுப் போடுங்கள். தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு. அலுவலகம் மாறிப் போட்டுவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், சரியான இடத்துக்கு அவர்களே ஐந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஒரு விஷயம் கவனம். "ஏன் இந்தச் சிலை?" என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் ஆவணம் கேட்பதற்கு. அதனால் ஆவணமாகக் கேளுங்கள்: அரசாணை நகல், நிர்வாக ஒப்புதல், மதிப்பீடு, ஒப்பந்தத்தில் பராமரிப்பு பற்றிய பக்கம், இடம் யாருடையது என்பதற்கான பதிவேடு, போக்குவரத்துக் காவல்துறை கொடுத்த கருத்து, கலைஞரைத் தேர்ந்தெடுத்த விதம் பற்றிய கோப்புக் குறிப்பு. கடைசியாகச் சொன்னதை யாருமே கேட்பதில்லை. கேளுங்கள்.

சாலை, நடைபாதை என்றால் உங்களுக்குப் பெரிய துணை ஒன்று இருக்கிறது. 2013 ஜனவரி 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் மற்றப் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உத்தரவு போட்டது. மனுவில் அந்தத் தேதியைக் குறிப்பிடுங்கள். எந்தக் கட்சி, எந்தத் தலைவர் என்ற பேச்சே வராமல் 'எங்கே' என்ற கேள்விக்கு நேராகப் போகலாம்.

சின்ன விஷயங்களுக்கு வார்டு கவுன்சிலரும் ஏரியா சபைக் கூட்டமும் போதும். அங்கே பேசினால் பேசியதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில்

கடலோரம், பெரிய கட்டுமானம் என்று வரும்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இதற்கு விதிமுறை இருக்கிறது. குறைந்தது முப்பது நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும், ஒன்று தமிழில். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும், கலெக்டர் அலுவலகத்தில் பார்க்கலாம். கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை வகிப்பார். வீடியோ எடுப்பார்கள். முடிவில், யார் யார் என்ன சொன்னார்கள் என்ற தொகுப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும், அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும். முடிவு வரை உட்காருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். பேசிவிட்டு, டிவி மைக்குக்கு ஒரு பேட்டி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், உங்கள் பேச்சு தொகுப்பில் எப்படி ஏறியது என்று உங்களுக்குத் தெரியாது. படிக்கும்போது தவறு இருந்தால் அங்கேயே எழுந்து திருத்தச் சொல்லுங்கள்.

பேனாச் சின்னத்துக்கான கூட்டம் 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கத்தில் நடந்தது. கரையிலிருந்து 360 மீட்டர் உள்ளே, 81 கோடி ரூபாய்த் திட்டம். மீனவர்கள் தங்கள் தொழிலைப் பற்றிப் பேசினார்கள், சுற்றுச்சூழல் பற்றிக் கவலைப்பட்டவர்கள் பேசினார்கள், ஆதரித்தவர்களும் பேசினார்கள். ஆனால் நான் டிவியில் திரும்பத் திரும்பப் பார்த்தது வைத்தால் உடைப்பேன் என்ற சவாலையும் அதற்கு எழுந்த கூச்சலையும்தான். வலை போடுகிறவர் சொன்னது அந்தச் சத்தத்தில் போய்விட்டது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை. பின்னால் 2023 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்தபோது நிபந்தனைகளோடுதான் கொடுத்தது. நம் பேச்சு போய்ச் சேருகிற இடம் அந்த நிபந்தனைகள்தான். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், வருமானால் எப்படி வர வேண்டும் என்பதில் உங்கள் குரல் இருக்காது. வேண்டாம் என்று சொல்லுங்கள், கூடவே நிபந்தனையும் சொல்லுங்கள்.

கூட்டம் வாக்கெடுப்பு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி 1981-ல் ஓர் அரசு அலுவலக வளாகத்தின் முற்றத்துக்குக் குறுக்கே 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் துருப்பிடித்த நிற இரும்புச் சுவர் ஒன்றைச் சாய்வாக நிறுத்தினார். சாய்ந்த வில் என்று பெயர். அங்கே வேலை செய்கிறவர்கள் தினமும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று எதிர்ப்பு. 1985-ல் பொது விசாரணை வைத்தார்கள். 180 பேர் பேசினார்கள். 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுங்கள் என்றார்கள். முடிவு என்ன தெரியுமா? எடுத்துவிடலாம் என்று குழு பரிந்துரைத்தது, 1989-ல் வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த இடத்துக்காகவே செய்தது, வேறு இடத்தில் வைத்தால் அது அந்தப் படைப்பே இல்லை என்று செர்ரா வாதாடினார். அவர் பக்க நியாயம் எனக்குப் புரிகிறது. முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போன குமாஸ்தாவின் நியாயமும் புரிகிறது. ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனால் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நூறு பேர் ஒரே வரியைச் சொன்னால் தொகுப்பில் அது ஒரு வரிதான். பத்துப் பேர் பத்து விஷயம் சொன்னால் பத்து வரி. வீட்டிலேயே பிரித்துக்கொண்டு போங்கள்.

மைக் கையில் வந்தால் மூன்று நிமிஷத்துக்கு மேல் கிடைக்காது. இப்படிப் பேசலாம்:

"வணக்கம். நான் இன்ன தெருவில் இருபது வருஷமாக இருக்கிறேன். இந்தச் சிலை வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, வைக்கிற இடத்தில்தான் ஆட்சேபம். நடைபாதை எட்டு அடி. பீடம் ஐந்தரை அடி எடுத்துக்கொள்கிறது. மிச்சம் இரண்டரை அடியில் சக்கர நாற்காலி போவது கஷ்டம். எதிரே இருக்கிற பள்ளிப் பிள்ளைகள் சாலையில் இறங்கி நடக்க வேண்டும். பீடத்தைப் பூங்காவுக்குள் இருபது அடி தள்ளினால் இந்தப் பிரச்சினை இல்லை. அளந்து வரைந்த படம் இதோ, இணைத்திருக்கிறேன். இதைத் தொகுப்பில் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான். அளவு, பாதிக்கப்படுவது யார், மாற்று என்ன, கையில் காகிதம். எழுதிக் கொடுத்ததற்கு நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் ஓவியரையோ சிற்பியையோ திட்டாதீர்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் அவர் இல்லை.

வேலை எப்படி இருக்கிறது என்றும் பேசுங்கள்

நான் மனசாரக் கேட்டுக்கொள்வது இதைத்தான். "கலை பற்றி எங்களுக்கு என்ன தெரியும்" என்று நம் ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். தெரியும். உழைப்பாளர் சிலைக்கு என் மாணவர்களை வருஷத்துக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போவேன். 1959-ல் திறந்தது, செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நம் சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்தவர். நால்வர் சேர்ந்து ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். பிள்ளைகளிடம் நான் எதுவும் விளக்க மாட்டேன். "சுத்திப் பாருங்கடா, அதே மாதிரி நில்லுங்க" என்பேன். நாலு பையன்கள் காலை ஊன்றி, முதுகை வளைத்துத் தள்ளுகிற மாதிரி நிற்பார்கள். அரை நிமிஷத்தில் ஒருவனுக்குத் தொடை நடுங்கும். "சார், அங்கேயும் இதே எடத்துலதான் சதை முறுக்கி இருக்கு" என்று அவனே காட்டுவான். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்தப் பாறையின் கனம் தெரிகிறது. பேர் தெரியாத தொழிலாளிகள்தான், ஆனால் அதை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு சண்டை வந்து நான் கேட்டதில்லை.

இந்த மாதிரி பார்த்துப் பேசுங்கள். பார்ப்பது என்ன என்று சாதாரண வார்த்தையில் சொல்லுங்கள்: கை மரக்கட்டை மாதிரி இருக்கிறது, முகம் அவர் முகமாக இல்லை, பின்பக்கம் வேலையே செய்யவில்லை, கரும்பச்சை வெண்கலத்துக்கு மேல் ஏன் தங்கப் பெயின்ட் அடித்தீர்கள். சிலையை வார்க்கும் முன் களிமண்ணில் ஒரு மாதிரி உருவம் செய்வார்கள். அதைப் பொதுமக்கள் பார்க்க ஒரு வாரம் வைக்கச் சொல்லுங்கள். சிற்பியின் பெயரைப் பீடத்தில் பொறிக்கச் சொல்லுங்கள். திறந்து வைத்தவர் பெயர் முழம் நீளத்துக்கு இருக்கும், செய்தவர் பெயர் இருக்காது. எனக்கு இது சொந்த வலி. நாங்கள் வரைந்த பேனரில் கம்பெனி பெயர் மூலையில் இருக்கும், வரைந்த கை எதுவும் இருக்காது.

கண்ணகி நகரைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தியவர்களை 2000-க்குப் பிறகு கொண்டுபோய்க் குடிவைத்த இடம். 2020-ல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. போய்ப் பார்த்தேன், முகங்கள் உயிரோடு இருந்தன. வேலையும் தண்ணீரும் தராமல் கலர் தருகிறார்களே என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதற்காக ஓவியம் கெட்டது ஆகிவிடாது, ஓவியம் நன்றாக இருப்பதால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது. இரண்டையும் ஒரே மனுவில், தனித்தனி எண் போட்டுக் கேளுங்கள். அதிகாரி ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க முடியாதபடி கேளுங்கள்.

எங்கள் சுவருக்கு அப்படித்தான் எழுதினோம். ஆதரவு மனு கொண்டுவந்தவர்களும் எதிர்ப்பு மனு கொண்டுவந்தவர்களும் என் வீட்டுத் திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒன்று, விரிசலை அடைத்து, குழாய் இணைப்பை மாற்ற வேண்டும். இரண்டு, உள்பூச்சை உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும். மூன்று, உடைக்கும்போது கெடும் இடத்தை அதே ஓவியர்களைக் கூப்பிட்டு வரைய வைக்க வேண்டும். நான்கு, தண்ணீர் லாரி நேரம். ஐந்தாவதைத் தரைத்தளத்து அக்கா சொன்னார். சாரம் கட்டும்போது பிடுங்கிய துணிக்கொடிக் கொக்கிகள் இரண்டும் திரும்ப வேண்டும். எழுதிப் படித்துக் காட்டியபோது, "கொக்கி எவ்வளவு ஒசரத்துலன்னு போடுங்க மாஸ்டர்" என்றார். ஆறு அடி என்று சேர்த்தேன்.

தையில் கொத்தனார்கள் வந்தார்கள். விரிசலை இரண்டு அங்குலம் ஆழம் கொத்தி எடுத்து அடைத்தார்கள். ஓவியப் பிள்ளைகளில் இருவர் வந்து காதோரம் கெட்டுப்போன இடத்தைத் தொட்டுக் கொடுத்தார்கள், நான் கலர் கலந்தேன். கொக்கிகள் ஆறடியில் இருக்கின்றன. தண்ணீர் லாரிக்கு இன்னும் பதில் வரவில்லை. நினைவூட்டு மனு அடுத்த திங்கட்கிழமை போடுகிறோம்.